பதினெட்டு ராஜினாமாவும் என்னுடையதும்

11/11 திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். நீடாமங்கலத்தில் ரயில் இருபது நிமிடம் தாமதம். எலுமிச்சை சாதம் கட்டினேன், ஊறுகாய் மறந்துவிட்டது.

இன்று:
– ‘அலையாத்தி’ விளையாட்டின் புது பில்டை (திருத்திய பதிப்பு) வினோத்துக்கு அனுப்ப
– அதைச் செய்யும் ரியாஸுக்கு போன். மூன்றாம் கட்டத்தில் படகு இன்னும் மரத்துக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது
– ஜெர்மன் மொழிபெயர்ப்பு வந்ததா
– கம்பெனி பிரிப்பு பற்றி இளங்கோவன் அண்ணனிடம் கேட்க. இன்றாவது.

முதல் மூன்றும் முடிந்தன. நான்காவதை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நான்கு மணிக்கு எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். “அந்தப் பிரிக்கிற பேச்சை அப்படியே விட்ருவோம்ப்பா. இப்ப நேரம் சரியில்ல.” அவ்வளவுதான். இரண்டு நிமிடம். பிறகு யார் யாருக்குப் பஜ்ஜி என்று எண்ணச் சொன்னார்.

ஆறு மாதப் பேச்சு. முதலில் எடுத்ததே அவர்தான். அவருக்கு ரைஸ் மில், பைப் கடை, கல்யாண மண்டபம், கடைசியாக நாங்கள். பத்தொன்பது பேர். விளையாட்டை எங்கோ யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்வார். அதைச் சோதித்து, மொழிபெயர்த்து, ஆன்லைன் கடைகளில் ஏற்றி, நாலு பேர் காதில் விழும்படி கத்துவது எங்கள் வேலை. தை முதல் நாங்கள் தனிக் கம்பெனி, பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. இதுதான் பேச்சு.

ஆயுத பூஜை அன்று எல்லா கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்ததும் தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். என் கையில் கொடுத்தார். நான் எங்கள் தட்டை அவர் கையில் கொடுத்தேன். “தாம்பூலம் மாத்தியாச்சு. இனிமே இளங்கோவன் பேச்சு மாற மாட்டான்.” எல்லோரும் கை தட்டினோம்.

இன்று வினோத் எழுந்து கேட்டான். (டெஸ்டிங் முழுக்க அவன் பொறுப்பு.) “அண்ணே, தாம்பூலம் மாத்துனோமே.”

சிரித்தார். “ஏம்ப்பா, அன்னைக்கு வந்தவங்க எல்லாருக்கும்தான் வெத்தலை பாக்கு குடுத்தேன். கூரியர்காரருக்கும் குடுத்தேன். அவருக்கும் பாதி கம்பெனி எழுதி வைக்கவா.”

சிலர் கூடவே சிரித்தார்கள். நானும். ஒன்பது வருடப் பழக்கம், அவர் சிரித்தால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. ரயிலில் வரும்போது அதை நினைத்து நினைத்துப் பற்றிக்கொண்டு வந்தது. பஜ்ஜியும் இரண்டு தின்றேன்.

12/11 செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

ரயிலில் எதிர் சீட்டு அம்மாள், பக்கத்திலிருந்தவரிடம்: “எங்க வீட்டுக்காரர் போன எடுத்தா ஹலோன்னு சொல்ல மாட்டாரு. ‘என்னா’ம்பாரு. கலெக்டர் பேசுனாலும் ‘என்னா’தான்.”

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வினோத் என்னிடம் வந்து கேட்டான், “தேனக்கா, ஒரு ஒப்பந்தம் எழுதிக்குவமா. ரெண்டு பக்கம் போதும்.” நான் சொன்னது: “அண்ணன்கிட்டப் போயி பத்திரம் கேக்குறதா. அசிங்கமா இருக்கும். அவரு வார்த்தை போதும்.” அவன் வாயை அடைத்தவள் நான். அண்ணன் இல்லை, நான்.

எப்பேர்ப்பட்ட ஆட்கள் நாங்கள். வெளிநாட்டுக் கடைக்காரன் அனுப்பும் ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் பிடித்துவிடுவோம். விளையாட்டில் ஒரு கதவு இருந்தால் வினோத்தின் பையன்கள் அதை நூறு தடவை திறந்து மூடுவார்கள், குனிந்துகொண்டு திறப்பார்கள், செத்து விழும்போது திறப்பார்கள். எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். அந்தப் பத்தொன்பது பேரும் ஒரு தேங்காயை நம்பினோம்.

ஏன் நம்பினேன்? என் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோது கார் அனுப்பினார். சரி, அனுப்பினார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வினோத் அந்தப் பேச்சை ஞாபகப்படுத்தவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். சொல்லாமல் இருக்கிறான், அதுதான் குத்துகிறது.

14/11 வியாழன்

மறுபடி மழை. எதிர் டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே பத்தொன்பது பேரும். கடைக்காரர், “என்னா, ஆபீஸை இங்கயே மாத்திட்டீங்களா.”

முடிவு: 22ஆம் தேதி, வெள்ளி, பதினோரு மணி. எல்லோரும் ஒன்றாக ராஜினாமா. அதுவரை மூச்சு விடக் கூடாது. வினோத்: “ஒவ்வொருத்தரா போனா ஒவ்வொருத்தரா கூப்ட்டு சமாளிச்சுருவாரு. ஒரே நாள்ல போனாத்தான்.” ஆளுக்கு ஒரு கடிதம், அவரவர் கையால், அவரவர் வார்த்தையில்.

மொழிபெயர்ப்புப் பிரிவு பவித்ரா அங்கேயே எழுதிக் காட்டினாள். ‘எனது உடல்நிலை சரியில்லாத காரணத்தால்’ என்று ஆரம்பம். பள்ளிக்கூட லீவ் லெட்டர். “உனக்கு என்னாடி உடம்புக்கு” என்று கத்திவிட்டேன். “வேற எப்புடிக்கா ஆரம்பிக்கிறது” என்றாள். போகிறேன் என்பதை மரியாதையாகச் சொல்ல நமக்கு நோய்தான் கைகொடுக்கிறது.

வாங்க: குடைக்கு ஒரு கம்பி. பிள்ளைக்கு வரைபடத் தாள்.

16/11 சனி

வீட்டில். குத்தகை வயலில் முழங்கால் தண்ணீர். வடிகால் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, தண்ணீர் போக வழி இல்லை. நட்டு ஒரு மாதமான சம்பா. செந்தில் காலையிலேயே அரிவாளை எடுத்துக்கொண்டு போய் மத்தியானம் சேறாக வந்தார். நேற்று வி.ஏ.ஓ. ஆபீஸுக்கும் போயிருக்கிறார். அடங்கலில் நிலத்துக்காரர் பெயர்தான், பயிர் போனால் நிவாரணம் அவருக்குத்தான். நமக்குக் குத்தகைச் சீட்டு கிடையாது, வாய்ப்பேச்சுதான். இந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே படிப்புப் படித்திருக்கிறோம்.

ராஜினாமா விஷயத்தைச் சொன்னேன். காலைக் கழுவிக்கொண்டே கேட்டார். “விடுறதுன்னா விட்டுரு. விட்ட பொறவு பொலம்பாத.”

புலம்பலாம் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது எனக்கு. தோசை வார்க்காமல் பழைய சாதத்தை வைத்தேன். அவரும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார். அதற்கும் கோபம்.

மூன்று மணிக்கு இளங்கோவன் அண்ணன் (இனி இ.அ., அது போதும்) போன். “தேனு, திங்கக்கெழமை ஆபீஸுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வா. தனியா.”

யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள்.

18/11 திங்கள்

இ.அ. வீடு. அண்ணி காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அவர் சொன்னது, சொன்னபடியே: “யாரு யாரு போறாங்கன்னு எனக்குத் தெரியும். போவட்டும். ஆள் கெடைக்கும். நீ போகக் கூடாது. ஒன்னைய டைரக்டர் ஆக்குறேன். தனி ரூம் போட்டுத் தர்றேன். நீ எனக்குத் தங்கச்சி மாதிரி.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இது எனக்கு மட்டுமான நோட்டு, அதனால் எழுதுகிறேன். சந்தோஷமாக இருந்தது. அவர் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஏறும்வரை. பத்தொன்பது பேரில் என்னை மட்டும் விட மனமில்லை, ஒன்பது வருட உழைப்பைக் கடைசியில் கண்டுகொண்டார் என்று நினைத்தேன். டைரக்டர் தேன்மொழி. இரண்டு ஸ்டாப்புக்கு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு தார்ப்பாய்க்குக் கீழே நின்ற முகங்கள் ஞாபகம் வந்தன, உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் இல்லை என்று இன்னும் சொல்லவில்லை. மதியம் வினோத் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவனிடமும் சொல்லவில்லை.

19/11 செவ்வாய்

மழை வலுத்தது. கரண்ட் மூன்று தடவை போய் வந்தது.

ரியாஸிடம் பேசினேன். ‘அலையாத்தி’ அவனுடையது. அதிராம்பட்டினத்துப் பையன், நாலு வருடமாக ஒற்றை ஆளாகச் செய்கிறான். அலையாத்திக் காட்டுக்குள் ஒரு பெண் படகு தள்ளிக்கொண்டு, அறுந்துபோன வலைகளைத் தேடிப் போகும் விளையாட்டு. டிசம்பர் 6 வெளியீடு. படகு மரத்துக்குள் புகுவது சரியாகிவிட்டது என்றான். பிறகு தயங்கித் தயங்கி, “அக்கா, நீங்க போறீங்கன்னு கேள்விப்பட்டேன். அப்ப பதினொண்ணாவது பிரிவு வந்துருமே.”

எந்தப் பதினொன்றாவது பிரிவு?

“ஒப்பந்தத்துல உங்க பேர் இருக்குக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. விளையாட்டு செய்பவர்களோடு போடும் ஒப்பந்தங்கள் மட்டும் இ.அ.வும் ஆடிட்டரும் பார்ப்பது. ரியாஸ் படம் எடுத்து அனுப்பினான். தேன்மொழி என்பவர் எந்தக் காரணத்தாலாவது கம்பெனியை விட்டு விலகினால், அன்றிலிருந்து முப்பது நாளில் ரியாஸ் தன் விளையாட்டை உரிமையோடு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இ.அ. கையெழுத்து. ரியாஸ் கையெழுத்து. சாட்சி.

எழுதச் சொன்னது ரியாஸின் உம்மாவாம். தலைமுறை தலைமுறையாக வியாபாரக் குடும்பம். “கம்பெனிய எனக்குத் தெரியாது, அந்தப் பொண்ணத் தெரியும், அது பேர எழுதச் சொல்லு” என்றார்களாம். அவர்கள் வீட்டில் ஒரு நாள் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

ஆக:
தங்கச்சி – பிரிவு 11
தனி ரூம் – பிரிவு 11
டைரக்டர் – பிரிவு 11

ஆத்திரமாக வருகிறது. ஏமாற்றினார் என்பதற்காகக்கூட இல்லை. நான் பஸ்ஸில் சந்தோஷப்பட்டேனே, அதற்காக. அந்த இரண்டு ஸ்டாப்பை யாராவது பிடுங்கி எறிந்தால் தேவலை.

ரியாஸ் கடைசியாக, “ஆனா நீங்க இருங்கக்கா. டிசம்பர் ஆறு வெளிய வந்துரட்டும். அதுக்கப்புறம் என்ன வேணா பண்ணுங்க. நாலு வருஷம்க்கா.” போனை வைத்துவிட்டேன். அவன் மீதும் கோபம். அவன் கேட்டதில் தப்பே இல்லை என்பது அதைவிடக் கோபம்.

20/11 புதன்

வினோத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். டைரக்டர், தனி ரூம், பிரிவு 11, பஸ்ஸில் சந்தோஷப்பட்டது உட்பட. கேட்டுக்கொண்டிருந்தான். “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்க்கா. நீங்க பாத்துக்குங்க.”

ஏதாவது சொல்லித் தொலையேன் என்றேன். சிரித்துவிட்டு எழுந்து போனான்.

நான் இருந்தால்: விளையாட்டு 6ஆம் தேதி வரும். சோதிக்க ஆள் இருக்காது. ஆடுபவர்கள் எழுதும் புகாருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. நானும் இ.அ.வும் பஜ்ஜியும் இருப்போம். பதினெட்டு பேர் முகத்தில் இனி முழிக்க முடியாது.

நான் போனால்: ரியாஸின் தேதி போகும். விளையாட்டு அவன் கைக்குத் திரும்பும், ஆனால் யாரிடம் கொண்டு போவான்? கம்பெனியே இல்லாத பத்தொன்பது பேரிடமா? தார்ப்பாய்க்குக் கீழே வீரமாக முடிவெடுத்தபோது அவனை ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

பன்னிரண்டரைக்குப் புது நம்பர். ரியாஸின் உம்மா. முதலில் மழை. வயலில் தண்ணீர் எவ்வளவு, பிள்ளை எத்தனாவது படிக்கிறது. அடுப்பில் ஏதோ பொரிகிற சத்தம். பிறகு:

“உன் பேர எழுதச் சொன்னது நீ அங்கனயே கெடக்கணும்னு இல்லம்மா. நீ போனா நாங்களும் வெளிய வரணும்னுதான். நீ இல்லாத எடத்துல எங்க சரக்கு எதுக்கு.”

“ரியாஸ் தேதிய நெனச்சு...”

“அவன் ரெண்டு நாளு சோறு திங்க மாட்டான். நான் பாத்துக்குறேன். இந்தத் தேதி போனா இன்னொரு தேதி.”

அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். “ஒனக்குன்னு நீ ஒண்ணும் எழுதி வாங்கலையாம்மா?”

இல்லை என்றேன். போனை வைத்த பிறகு பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு முழுத் தாளை எடுத்துக் கடிதம் எழுதினேன். இரண்டே வரி. உடல்நிலை நன்றாகவே இருக்கிறது.

22/11 வெள்ளி

வெயில். ஒரு வாரத்துக்குப் பிறகு.

பதினோரு மணிக்குப் போனோம். அவர் அறையில் பத்தொன்பது பேர் நிற்க இடமில்லை, பாதிப் பேர் கதவுக்கு வெளியே. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கினார். படித்தார். “சரி.” அடுத்தது. “சரி.” பவித்ராவின் கடிதத்தில் நின்றார். ‘கொடுத்த வார்த்தை மாறியதால்’ என்று எழுதியிருந்தாள். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கீழே பார்க்கவில்லை. “சரி.”

“நோட்டீஸ் மூணு மாசம் இருக்குல்ல” என்றார்.

வினோத்: “எந்த லெட்டர்ல இருக்குண்ணே? எங்க யாருக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டரே குடுக்கலையே.”

முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது வருடத்தில் அவரை அப்படிப் பார்த்தது இல்லை. எழுதி வைக்காமல் விட்டது முதல் தடவையாக அவரையே கடித்தது.

கடைசியாக என்னுடையது. பிரிக்கவே இல்லை. ஒற்றை விரலால் மேஜையில் என் பக்கம் தள்ளினார்.

“இது வேணாம்.”

“ராஜினாமாண்ணே.”

“நான் வாங்கலையே. வாங்குனாத்தான ராஜினாமா. வீட்டுக்குப் போயி நல்லா யோசி.”

“யோசிச்சாச்சுண்ணே. தங்கச்சின்னு சொன்னீங்களே, அது பதினொண்ணாவது பிரிவுன்னு தெரிஞ்ச பொறவும் யோசிச்சேன்.”

எல்லோரும் கேட்டார்கள். நான் கத்தவில்லை, கத்த வேண்டியிருக்கவில்லை. கடிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அவருடைய டிரைவர் பின்னாலேயே வந்து அதே கவரை என் கையில் கொடுத்தார். “அய்யா குடுக்கச் சொன்னாங்க. கோச்சுக்காதீங்கம்மா.” பாவம், அவர் என்ன செய்வார். வாங்கிக்கொண்டேன். ரயிலேறிய பிறகுதான் வாங்கியிருக்கக் கூடாது என்று உறைத்தது.

மெயிலும் அனுப்பினேன். வாட்ஸப்பிலும் போட்டேன். ஒரு டிக்கோடு நிற்கிறது. என்னை பிளாக் செய்துவிட்டார் தங்கையின் அண்ணன்.

23/11 சனி

எட்டு மணிக்கே ரியாஸ். “அக்கா, அண்ணன் போன் பண்ணாரு. நீங்க லீவுல இருக்கீங்களாம். மத்தவங்கதான் போயிட்டாங்களாம். ஆறாம் தேதி ரிலீஸ், பதினொண்ணாவது பிரிவெல்லாம் செல்லாதுன்னாரு. நெசமாவே லீவாக்கா?”

லீவாம். நான் எங்கே இருக்கிறேன் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்திவிட்டு, திறந்த மூடியைக்கூடப் போடாமல், கவரை எடுத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸுக்கு நடந்தேன். செந்தில், “எங்க” என்றார். “தபால் போட” என்றேன்.

கவுண்ட்டரில் இருந்த அம்மா: “சாதாவா, ரிஜிஸ்டரா?”

“ரிஜிஸ்டர்.”

“அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வேணுமா?”

“வேணும்.”

வாங்குபவர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெரியவர், “சீக்கிரம்மா, பஸ்ஸு போயிரும்.”

வீட்டுக்கு வந்தால் மிக்ஸியில் ஈ. மறுபடி அரைத்தேன்.

27/11 புதன்

இரண்டு நாளாகக் கொட்டுகிறது. பள்ளிக்கூடம் லீவ். செந்திலும் பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து வடிகாலை ஒரு வழியாக வெட்டிவிட்டார்கள். தண்ணீர் இறங்கினால் முக்கால்வாசி பிழைக்கும் என்கிறார்.

நேற்று குத்தாலத்தில், வினோத் வீட்டு மாடி அறையில் பத்தொன்பது பேரும். புதுக் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தோம். பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மணி வரை நாலு வரிதான் நகர்ந்தது. யாராவது பாதியில் போனால் என்ன, செத்துப்போனால் என்ன, இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால் ஓட்டு ஒன்றா இரண்டா. பவித்ராவும் வினோத்தும் அதற்காக ஒரு மணி நேரம் சண்டை. எனக்கும் ஒருவனுக்கும் காற்புள்ளிக்காகச் சண்டை. வினோத்தின் அம்மா மேலே வந்து, “ஏம்ப்பா, நல்லாத்தான இருந்தீங்க” என்று கேட்டுவிட்டு இட்லி வைத்துவிட்டுப் போனார்கள்.

சண்டை போடட்டும். ஆயுத பூஜைக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய சண்டை.

ரியாஸ் என் போனை எடுப்பதில்லை. சோறு தின்கிறானா என்று அவன் உம்மாவிடம் கேட்டேன். “இன்னைக்குத் தின்னான்.”

அவர் கையெழுத்தோடு திரும்ப வேண்டிய அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை இன்னும் வரவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து மழையில் ரயிலே ஓடவில்லை என்கிறார்கள். இ.அ. வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அப்படியென்றால் நான் இன்னும் லீவில் இருக்கிறேன்.

30/11 சனி

வானம் மூட்டம், மழை இல்லை. துணி காயவில்லை, மூன்று நாள் துணி.

பதினொன்றே காலுக்குத் தபால்காரர். அட்டை. ஓரம் நனைந்திருக்கிறது, மை கலையவில்லை. போட்டோ எடுத்து ரியாஸுக்கும் அவன் உம்மாவுக்கும் அனுப்பினேன். உம்மா குரல் பதிவு போட்டார்கள்: “தேதியத் தெளிவா இன்னொரு தடவ எடுத்து அனுப்பும்மா. அன்னையிலேருந்து முப்பது நாள் எண்ணணும்.” ரியாஸ் பத்து நிமிடம் கழித்து, படகின் புது பில்ட் ஒன்றை என் சொந்த மெயிலுக்கு அனுப்பியிருந்தான்.

அட்டையில் இ.அ.வின் கையெழுத்து. ஆபீஸில் தபால் வாங்குவது பவித்ராதான், அவள் இல்லாவிட்டால் வினோத்தின் பையன்களில் ஒருவன். இ.அ. கீழே இறங்கி வந்து தபால் வாங்கி நான் பார்த்ததே இல்லை. கவரில் யார் பெயர் என்றுகூடப் பார்க்காமல் போட்டிருப்பார் போல, கோணலாக இருக்கிறது. ஒன்பது வருடத்தில் எனக்கென்று அவர் போட்டுக் கொடுத்த ஒரே கையெழுத்து. வேறு யாரும் இல்லை அங்கே, போடுவதற்கு.